ரெண்டு குடம் கடல்

கருத்தம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது என்று முதலில் சொன்னது ஒரு மீன்.

கல்லோடு கல்லாகக் கிடக்கிற மீன் அது. பாசி எடுக்கப் போகிற பெண்கள் அதைத் தூரத்திலேயே கண்டு ஒதுங்கிவிடுவார்கள். பங்குனி கடைசியில், தீவுக்குத் தெற்கே இரண்டு ஆள் ஆழத்தில், பாசி முளைத்த கல் என்று நினைத்து அதன் முதுகில் கையை ஊன்றினாள் கருத்தம்மாள். விரல்களில் சுற்றியிருந்த துணியையும் தாண்டி முள் இறங்கியது. மற்றப் பெண்கள் அவளை வத்தைக்குள் தூக்கிப் போட்டபோது கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. அந்தச் சின்ன மரப்படகில் வந்த அத்தனை பேரும் பாதி வேலையை விட்டுவிட்டுப் பாம்பனுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வலியில் கருத்தம்மாள் அழவில்லை. கரை வருகிற வரைக்கும் மீனையும், அதைப் பெற்ற மீனையும், அதற்கு இடம் கொடுத்த கல்லையும் வைதுகொண்டே வந்தாள்.

வைதென்ன? பேச்சு அதற்கு முந்தியே கிளம்பியிருந்தது. தை மாசத்திலிருந்தே பாசி ஏஜெண்டு இந்த வத்தைச் சாக்குகளை உதறிப் பார்த்து, "கலப்பு, கலப்பு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் கிராக்கி. அதோடு ஒட்டி முளைக்கிற குப்பைப் பாசிக்குக் காசு கிடையாது. இரண்டும் ஒரே கல்லில், ஒரே நிறத்தில் கிடக்கும். நுனியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கல்லும் சிப்பியும் கிழிக்காமலிருக்க விரலெல்லாம் துணி சுற்றியிருப்பதால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. எல்லாம் கண் வேலை. மீன் குத்திய அன்றைக்கு, அத்தனை மாசத்துக் கலப்புக்கும் பொறுப்பாளி யார் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

வத்தைக்குத் தலைவி பஞ்சம்மாள். கருத்தம்மாளுக்கு மதினி முறை, நாலைந்து வயது மூத்தவள். கடலுக்குள் இருவரும் இணை. ஒருத்தி மூழ்கினால் இன்னொருத்தி கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பாசிக்காரிகளின் சட்டம். கை வீக்கம் வடிந்ததும் பஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கருத்தா, சொல்றேன்னு கோவிச்சுக்கிறாத. கண்ணு போனவ கடல்ல எறங்கக் கூடாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒம் மகளுக்கு யாரு பதில் சொல்றது? வத்தையில உக்காந்து தண்ணிய எறச்சுப் போடு, கஞ்சி காய்ச்சு. பாதிப் பங்கு தாரோம்."

"பாதிப் பங்கு வாங்க நான் என்ன பாதி மனுசியா மதினி?"

"கலப்புன்னு சாக்கத் திருப்பி வீசுறான். மத்தவளுக வயித்துல அடிக்கச் சொல்றியா?"

"நான் எடுத்ததுல மட்டுந்தான் கலப்பு இருந்துச்சுன்னு எவ பாத்தா?"

பஞ்சம்மாள் வாசலில் காய்ந்துகொண்டிருந்த சூடைக் கருவாட்டைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நின்றாள். "கண்ணக் கொண்டா. வத்தையில ஏறு. அம்புட்டுத்தான்."

"கொண்டாரேன். தடை முடிஞ்சு வத்தை எறங்குற அன்னைக்கு முத ஆளா நிப்பேன், பாத்துக்க."

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். விசைப்படகு போகாத அந்த நாட்களில் பாசிப் பெண்களும் இறங்குவதில்லை என்று தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வைகாசி நடுவில் தடை முடியும். அதற்குள் கருத்தம்மாள் கண்ணைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மிச்சக் காலத்துக்கும் வத்தையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும்.

வீட்டில் அவளுக்கு ஆதரவு இல்லை. புருசன் மலையாண்டி ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன். தடைக்காலத்தில் அவனுக்கும் வேலை இல்லாததால் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு ஞானம் பேசினான்.

"இருவத்தஞ்சு வருசம் முங்கிட்டே. போதும்டி. சாமி போட்ட கண்ணு, அதுக்கும் ஆயுசு இருக்குல்ல."

"ஒமக்கும்தான் முதுகு புடிச்சுப் போச்சு. ஐஸ் ஒடைக்கிறத விட்டுட்டீரா?"

மகள் கனி ராமேஸ்வரத்தில் சுஐபு வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். வடக்கேயிருந்து வருகிற யாத்திரைக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது, போட்டோ பிரிண்ட் எடுப்பது. அவள் தகப்பனைவிட ஒரு படி மேலே போனாள்.

"நான் சம்பாதிக்கிறேன்லம்மா. வீட்டுல இரு."

"நீ சம்பாதிக்கிறது ஒனக்கு. வீட்டுல இருந்தா ஒங்கய்யா தண்ணி கொண்டாம்பாரு, நீ சட்டையத் தேச்சுக் குடுன்னுவே, ரேசன் கடைக்குப் போம்பீக. தண்ணிக்குள்ள முங்கிட்டா ஒருத்தரும் எம் பேரச் சொல்லி வேலை ஏவ முடியாதுடி. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அதையும் கேக்குறியா?"

கனிக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் அவள் வீட்டில் இரு என்று சொல்லவில்லை.

மறுநாள் கருத்தம்மாள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினாள். அரண்மனைப் பக்கத்துக் கடைவீதியில் நெய்னா முகம்மதின் கண்ணாடிக்கடை பேர்போனது. நெய்னா முகம்மது நல்ல வேலைக்காரர்தான். ஆனால் நாக்கில் சனி. கடைக்குள் வருகிறவர்களை ஒரு வார்த்தை நையாண்டி பண்ணாமல் அனுப்பினால் அவருக்குச் சோறு செமிக்காது.

"என்ன படிச்சிருக்கே?"

"பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கல பாய்."

"அப்பறம் கிட்டப் பாக்குற கண்ணாடி எதுக்கு? பேப்பர் படிக்கவா?"

"பாசி எடுக்க. கடலுக்குள்ள."

நெய்னா முகம்மது எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கடல்ல குதிக்கப் போறியா? மீனெல்லாம் டீச்சர் வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு நிக்கும்."

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வைத்திருக்கும் சோதனையை அவர் எடுத்தார். ஊசியும் நூலும். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றரை பவரில் நூல் ஊசிக்குள் போய்விட்டது. "முடிஞ்சது. ரெண்டு நாள்ல வா" என்றார்.

கண்ணாடி வந்தது. வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள், மலையாண்டியின் காதோரத்து நரையை எண்ணிக் காட்டினாள். ஆனால் பாசிக்குப் போகிறவள் முகத்தில் ஏற்கெனவே ஒரு கண்ணாடி உண்டு. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற ரப்பர் முகக்கண்ணாடி. அது ஒட்டாது என்று மூக்குத்தியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டவள் அவள். "புருசன் இருக்க மூளிமூக்கா அலையுறா" என்று சொந்தக்காரிகள் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாதவள். அந்த ரப்பருக்குள் நெய்னா முகம்மதின் கண்ணாடியை நுழைத்தால் காதில் மாட்டுகிற கம்பி இடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது. கம்பி இரண்டையும் ஒடித்தாள். மீதியை நூல் போட்டு உள்ளே கட்டினாள். கழுத்தளவுத் தண்ணீரில் முங்கிப் பார்த்தால் ஒரு கண்ணாடி மூக்குக்கும் இன்னொன்று நெற்றிக்கும் போய்விட்டது.

ஒடிந்த கம்பிகளை அடுப்படி மாடத்தில் பார்த்த கனி முதலில் சிரித்தாள். பிறகு அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு தாயிடம் வந்தாள்.

"அம்மா, நாளைக்கு என்னோட கடைக்கு வாரியா?"

சுஐபு கடையில் கூட்டம் குறைந்த மத்தியான நேரம். கனி கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்பு ரப்பர் வைத்த முகக்கண்ணாடி. அதிலேயே பவர் சேர்த்துச் செய்து தருவார்களாம். கடை சிங்கப்பூரில் இருக்கிறது.

"கடைக்காரன் எங்கன?"

"ஆளே கிடையாதும்மா. அது ஒவ்வொண்ணாக் கேக்கும், நாம ரொப்பணும்."

"என்ன படிச்சிருக்கேன்னு கேக்குதா?"

"இல்ல."

"எதுக்கு ஒனக்குக் கண்ணாடின்னு?"

"அதெல்லாம் கேக்காது."

"அப்ப மரியாதையுள்ள கடைதான். போடு."

கனி நெய்னா முகம்மது எழுதிக் கொடுத்த பவரைப் பார்த்துத் தட்டினாள். பணம் கட்ட அட்டை வேண்டும். சுஐபு தன்னுடைய அட்டையைக் கொடுத்தான். "அக்கா, ஒங்க மூஞ்சியே பாக்காம ஒருத்தன் கண்ணாடி செய்றான் பாருங்க, காலம் எங்கேயோ போயிருச்சு" என்றான். இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தத் தீவில் இணையத்தில் சாமான் வாங்குவது அவ்வளவு பெரிய அதிசயம். கடைப்பையன்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது தபால்காரர் பார்சல் கொண்டுவந்தார். பிரித்ததும் ரப்பர் வாசனை வந்தது. போட்டுப் பார்த்தாள். கையை எடுத்தாலும் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தன் வாழ்நாளில் அவ்வளவு நல்ல சாமானை அவள் முகத்தில் வைத்ததில்லை. அன்றைக்கே பஞ்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மதினி, கண்ணு வந்துருச்சு. வந்து பாத்துக்க."

கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீர். வத்தைப் பெண்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். இருப்பதில் இளையவளான முருகம்மாளிடம் பஞ்சம்மாள், "நீயே பொறுக்கி வையி. கல்லு மேல நாலு கொத்து. ஒண்ணு நல்லது, மத்தது குப்பை" என்றாள். முருகம்மாள் மூழ்கி வைத்துவிட்டு வந்தாள். கருத்தம்மாள் முங்கினாள். கல் தெரிந்தது. கல்லின் விளிம்பு தெரிந்தது. முன்னைக்கு எவ்வளவோ மேல். ஆனால் பாசியின் நுனி மட்டும் கலங்கியே இருந்தது. கிட்டப் போனால் இன்னும் கலங்கியது. மூச்சு முட்டும் வரை பார்த்துவிட்டு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

முருகம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "குப்பைதான் மதினி" என்றாள் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கருத்தம்மாளால் தாங்க முடியாமல் போயிற்று. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

மறுநாள் தாயும் மகளும் நெய்னா முகம்மதின் கடைக்குப் போனார்கள். கனி வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க எழுதிக் குடுத்த பவர் தப்பு. அத வச்சு வாங்கி எம் பணம் போச்சு."

நெய்னா முகம்மது முகக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதுனது நான் செய்ற கண்ணாடிக்கு. மூஞ்சியப் பாக்காம, மூக்கு எங்க கண்ணு எங்கன்னு அளக்காம, கடல் தாண்டி இருக்கிறவன் செஞ்சு அனுப்புவான், அது சரியில்லைன்னா பழி என் தலையிலயா? நல்ல நாயம்."

"மூஞ்சியப் பாத்துத்தான எங்கம்மாவ டீச்சரம்மான்னு நக்கல் பண்ணீக? கம்ப்யூட்டரு யாரையும் நக்கல் பண்ணாது."

"நக்கல் பண்ணாது. சரியாவும் செய்யாது."

"இருங்க" என்றாள் கருத்தம்மாள். இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அவள் மேசையில் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணாடிச் சில்லுப் பெட்டி அதிர்ந்தது.

"பாய், நீங்க ஊசியில நூலக் கோத்துப் பாத்தீக. நான் ஊசியில நூலக் கோக்கவா கடலுக்குப் போறேன்? ஏண்டி கனி, ஒங் கம்ப்யூட்டரு என்னைய எதுவுமே கேக்கலன்னு நானும் சந்தோசப்பட்டேன். எங்கன நின்னு வேலை பாக்குறேன்னாவது கேட்டுச்சா? அதுவுங் கேக்கல. தண்ணிக்குள்ள சாமானெல்லாம் கிட்ட வந்துரும். ஒரு முழந் தள்ளிக் கெடக்குறது முக்கா முழத்துல நிக்கும், பெருசா. தரையில பாத்த கண்ண வச்சு அங்கன என்னத்தப் பாக்க? என்னையத் தண்ணிக்குள்ள வச்சுப் பாருங்க."

நெய்னா முகம்மது முகக்கண்ணாடியை மேசையில் வைத்தார். "தண்ணிக்குள்ள வச்சுக் கண்ணு டெஸ்ட்டு எவனும் பண்ணுனது இல்ல. என் கடையில கடலு இல்லம்மா."

"நாளைக்கு இருக்கும். கடையத் தொறந்து வையிங்க."

விடிந்ததும் இரண்டு பிளாஸ்டிக் குடம். தெளிந்த தென்கடல் தண்ணீராகப் பார்த்து மொண்டாள். நல்ல தண்ணீரில் போட்டால் பாசி நிறம் மாறிவிடும், அது சோதனைக்கு ஆகாது என்பது அவள் கணக்கு. மலையாண்டி தடைக்கட்டுப்பாடெல்லாம் மறந்து எங்கேயோ போய்ப் பாசி ஒட்டிய கல் இரண்டு எடுத்துவந்து ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தான். "சோதனைக்குத்தான எடுத்தேன், யாவாரத்துக்கா" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பஸ்ஸில் கண்டக்டர் குடங்களைப் பார்த்ததும், "லக்கேஜ் டிக்கெட் எடு. இல்லாட்டி எறங்கு" என்றான்.

"எதுக்கு லக்கேஜு? தண்ணிதான."

"தண்ணியா இருந்தா என்ன, எடம் அடைக்குதுல்ல."

கருத்தம்மாள் பஸ்ஸுக்குள் கண்ணை ஓட்டினாள். வடக்கத்தி யாத்திரைக்காரர்கள் ஒரு குடும்பமாய் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் காலடியிலும் தீர்த்தம் அடைத்த கேன். "அங்கன பாரு. அந்தத் தண்ணிக்கு டிக்கெட் போட்டியா?"

"அது தீர்த்தம்மா. காசிக்குப் போகுது."

"காசிக்குப் போற தண்ணிக்கு டிக்கெட் இல்ல, கண்ணுக்குப் போற தண்ணிக்கு டிக்கெட்டா? அதுவும் இந்தக் கடல்ல மொண்டதுதான், இதுவும் இந்தக் கடல்ல மொண்டதுதான். அவுக கிட்ட வாங்கு, நானும் தாரேன்."

பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. நடுப்பாலத்தில் யாரையும் இறக்கிவிட முடியாது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஜன்னல் வழியாக அடித்து எல்லார் தலைமயிரையும் கலைத்துக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து யாரோ, "விடப்பா, அந்தம்மா சொல்றதுலயும் நாயம் இருக்கு" என்றார். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போனான். உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் வருகிற வரைக்கும் அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

குடங்களைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் தாயும் மகளும் நடந்து வருவதைப் பார்த்ததும் நெய்னா முகம்மது எழுந்து நின்றுவிட்டார். "அல்லாவே, நெசமாவே கொண்டாந்துட்டியா" என்றார். பிறகு கடை வாசலில் கூட்டம் கூடுவதைக் கண்டு மனசு மாறினார். "இதெல்லாம் இங்க வேணாம்மா. மானம் போயிரும். எடுத்துட்டுப் போ."

"பரவால்ல பாய்" என்றாள் கனி. "சிங்கப்பூர்க்காரனுக்கே எழுதிக் கேக்குறோம். அவன் மாத்தித் தருவான்."

அது வேலை செய்தது. நெய்னா முகம்மது சட்டைக் கையை மடித்தார். "அவன் என்னத்த மாத்துவான்? ஒரு பெரிய குண்டான் கொண்டாங்க."

பக்கத்து மெஸ்ஸிலிருந்து சாம்பார் வைக்கிற ஆழமான குண்டான் வந்தது. அதில் இரண்டு குடம் கடலையும் ஊற்றி, அடியில் பாசிக் கல்லை வைத்தார்கள். ஒரு கை ஆழம் இருந்தது. கடலுக்குள்ளும் அவள் கண்ணுக்கும் கல்லுக்கும் அவ்வளவு தூரந்தான் இருக்கும். நெய்னா முகம்மது முகக்கண்ணாடிக்கு உட்பக்கம், ஏற்கெனவே இருந்த சிங்கப்பூர்க் கண்ணாடியின் மேலேயே, கண்ணுக்கு ஒன்றாகச் சின்னச் சில்லுகளை டேப் போட்டு ஒட்டினார். கருத்தம்மாள் மண்டி போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குண்டானுக்குள் முகத்தை விட்டாள்.

சாம்பார் வாசனை அடித்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தெளிவு. எழுந்து, "பத்தாது" என்றாள். சில்லுகளை மாற்றினார். மறுபடியும் முகத்தை விட்டாள். "வெளிம்பு ஆடுது." மாற்றினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "கண்ணு டெஸ்ட்டா, மொகங் கழுவுறதா" என்றார். நெய்னா முகம்மது திரும்பி அவரை முறைத்தார். "வேலை நடக்குற எடத்துல பேசாதீக" என்றார்.

நாலாவது தடவை முகத்தை விட்டவள் எழுந்திருக்கவே இல்லை. நெய்னா முகம்மது குனிந்து, "ஏம்மா" என்றார். பதில் இல்லை. "ஏம்மா. ஏ புள்ள கனி, ஒங்கம்மாவப் பாரு. யா அல்லா, உசுரு என் கடையிலயா போகணும்" என்று அவள் தோளைப் பிடித்தார். தண்ணீருக்குள்ளிருந்தே கருத்தம்மாள் ஒரு விரலைத் தூக்கிப் பொறு என்று காட்டினாள். பாசிக்காரியின் மூச்சு அவருக்கு எப்படித் தெரியும்? அவள் அவசரமில்லாமல் கையை உள்ளே விட்டு, கல்லிலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளி, அப்புறம் நிமிர்ந்தாள். முகக்கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் வழிந்தது குண்டான் தண்ணீர் மட்டுமில்லை.

"மரிக்கொழுந்து" என்றாள். "நுனி எல்லாந் தெரியுது பாய். ஒவ்வொண்ணா."

மீன்தொட்டிக் கண்ணாடி ஒட்டுகிற பசையை வைத்து அந்தச் சில்லுகளை நிரந்தரமாக ஒட்டிக் கொடுத்தார் நெய்னா முகம்மது. "ரப்பரும் சட்டமும் சிங்கப்பூரான் நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஒத்துக்கிறேன்" என்று கனியைப் பார்க்காமலே சொன்னார். பிறகு, "ஒரு நாள் காய விடு. பசை விட்டுச்சுன்னா எடுத்துட்டு வா, ஒட்டித் தாரேன். கடல மட்டும் வீட்டுல வச்சுட்டு வா" என்றார்.

தடை முடிந்து வத்தை இறங்கிய காலையில் கருத்தம்மாள் முதல் ஆளாக நின்றாள். பஞ்சம்மாள் வந்து, "என்ன இது? கஞ்சி காய்ச்சவா இம்புட்டு வேகமா வந்துட்டே" என்றாள்.

"அரிசி கொண்டாரல மதினி."

கேட்காமலேயே ஏறி உட்கார்ந்தாள். பஞ்சம்மாள் வாயைத் திறக்குமுன் முருகம்மாள், "ஒரு தடவ முங்கிப் பாக்கட்டும் மதினி. கலப்பு வந்தா நாமளே சொல்லிருவோம்" என்றாள். மற்றப் பெண்களும் ம் கொட்டினார்கள். பஞ்சம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீவுக்குத் தெற்கே கருத்தம்மாள் மூழ்கினாள். எத்தனை வருசமாக இவ்வளவும் இங்கே கிடந்ததோ தெரியவில்லை. கல்லில் ஒவ்வொரு பாசியும் தனித்தனியாக நின்றது. நுனி பிரிந்து பிரிந்து, நீரோட்டத்துக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. கல்லோடு கல்லாக அந்த மீனும் கிடந்தது. அதன் கண்கூடத் தெரிந்தது. "இருடா, ஒன்னையத்தான்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அதைச் சுற்றிப் போனாள். கை தானாகக் கிள்ளியது, வலைப்பை தானாக நிறைந்தது. சந்தோசத்தில் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருந்தது.

மூன்றாவது முங்கலில் இணையைத் தேடினாள். பஞ்சம்மாள் பக்கத்துக் கல்லில்தான் இருந்தாள். ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தடவித் தடவிப் பறித்துக்கொண்டிருந்தாள். குப்பைப் பாசி. கைநிறையக் குப்பைப் பாசி. அதற்கு அடுத்தாற்போல மரிக்கொழுந்து கொத்துக் கொத்தாக நின்றது. பஞ்சம்மாளின் கை அதைத் தாண்டிப் போய் மறுபடியும் குப்பையைப் பிடித்தது. கருத்தம்மாளுக்கு மேலே போகவே மறந்துபோயிற்று. சோதனையன்று பஞ்சம்மாள் தான் பொறுக்காமல் முருகம்மாளைப் பொறுக்கி வைக்கச் சொன்னது நினைவு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மேலே வந்து மூச்சை இழுத்தாள். கோபத்தில் காது அடைத்தது. அந்தப் பக்கம் வத்தையில் பெண்கள் இருந்தார்கள். ஒரு சத்தம் போட்டால் போதும், பஞ்சம்மாளின் தலைமை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். தை மாசத்திலிருந்து வாங்கிய பேச்சுக்கெல்லாம் வட்டியோடு வாங்கிவிடலாம்.

பஞ்சம்மாள் எழுந்து வந்தாள். கருத்தம்மாள் அவள் கையைப் பிடித்து வத்தையின் மறுபக்கத்துக்கு இழுத்துப் போனாள். மற்றவர்கள் கண்ணில் படாத இடத்தில் வத்தை விளிம்பைப் பிடிக்கவிட்டு, அவளுடைய வலைப்பையிலிருந்து ஒரு கை அள்ளி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன பாசி மதினி?"

பஞ்சம்மாள் பார்த்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். தண்ணீர் இருவர் தோளிலும் அடித்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசமிருக்கும்" என்றாள் பஞ்சம்மாள். வேறு யாரோ பேசுவதுபோலக் குரல் வந்தது. "நீயும் கஞ்சி காய்ச்சச் சொல்லப் போறியா?"

"நாக்குல சூடு வைக்கணும் ஒனக்கு. ஒங் குப்பைக்கு நான் பேச்சு வாங்கினேன். எம் புருசங்கிட்ட, எம் மககிட்ட, அந்த ஏஜெண்டுகிட்ட. நீ வாசல்ல நின்னு கண்ணக் கொண்டான்னே." பஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அவளை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவும் கருத்தம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

தன் முகக்கண்ணாடியைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டாள். "முங்கு. ஒங் கண்ணு வேற, எங் கண்ணு வேற. ஆனாலும் பாரு."

பஞ்சம்மாள் மூழ்கினாள். வெகு நேரம் வரவில்லை. முருகம்மாள் வத்தையிலிருந்து, "என்ன மதினி, ஏதும் ஆச்சா" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, ஒன் வேலையப் பாரு" என்றாள் கருத்தம்மாள். கடைசியில் பஞ்சம்மாள் எழுந்தபோது அவள் கையில் ஒரே ஒரு கொத்து இருந்தது. மரிக்கொழுந்து. அதை வலைப்பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கடை?" என்றாள்.

"ரெண்டு கடை. ஒண்ணு சிங்கப்பூரு, ஒண்ணு அரண்மனை. கனிகிட்டச் சொல்லி மொதக் கடையில வாங்கு. ரெண்டாவது கடைக்கு நானும் வாரேன். அந்தாளு ஏதாச்சும் நக்கல் பேசுவான், பேசட்டும். குண்டானுக்குள்ள மூஞ்சிய விட்டதும் அடங்கிருவான்."

"குண்டானா?"

"ஆமா. ரெண்டு குடம் எடுத்துக்க. தென்கடல் தண்ணியா மொண்டுக்க." கருத்தம்மாள் முகக்கண்ணாடியைத் திருப்பி வாங்கி மாட்டிக்கொண்டாள். மூழ்கப் போனவள் ஒரு நிமிசம் நின்றாள். "பஸ்ஸுல லக்கேஜ் டிக்கெட் கேப்பான். குடுக்காத."